ஹோம் தியேட்டர்: அறையில் தொடங்கி ரிசீவரில் முடியுங்கள்

ஹோம் தியேட்டர் வாங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "எத்தனை வாட்ஸ் வாங்கலாம்?" என்பதுதான். அதற்கு விடை இந்த வழிகாட்டியின் ஐந்தாவது படியில் வருகிறது. அதற்கு முன் அறையின் அளவும், உட்காரும் தூரமும், ஸ்பீக்கரின் தன்மையும் தெரிந்திருக்க வேண்டும். எல்லா ஸ்பீக்கர்களையும் ஓட்டும் பெட்டிதான் ரிசீவர்; இவை தெரியாமல் அதை வாங்குவது அளவெடுக்காமல் தைத்த சட்டை மாதிரிதான்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை: அளக்கும் டேப், ஒரு தாள், பேனா, செலவழிக்கக்கூடிய மொத்தத் தொகை. அந்தத் தொகையை நான் பிரிக்கும் விதம் இது: நூறு ரூபாயில் முன்வரிசை மூன்று ஸ்பீக்கர்களுக்கு 40, ரிசீவருக்கு 25, பேஸ் என்னும் தாழ்ந்த, அதிரும் ஒலிக்கென்றே உள்ள சப்வூஃபருக்கு 20, பக்கவாட்டில் வைக்கும் சரவுண்ட் ஸ்பீக்கர்களுக்கு 10, வயருக்கும் ஸ்டாண்டுக்கும் 5. ஒன்றிரண்டு ரூபாய் முன்பின் போகலாம். ரிசீவருக்குப் பாதிப் பணத்தைக் கொடுத்துவிட்டு மிச்சத்தில் ஐந்து ஸ்பீக்கர் தேடுவதுதான் புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய பிழை.

1. அறையை அளந்து படம் வரையுங்கள்

நீளம், அகலம், உயரம் மூன்றையும் எழுதுங்கள். கதவு, ஜன்னல், மின்விசிறி, பிளக் இருக்கும் இடங்களைக் குறியுங்கள். சோபாவில் உட்கார்ந்தவரின் காது தரையிலிருந்து எவ்வளவு உயரம், டிவியிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் அளங்கள். இந்த வழிகாட்டி முழுவதும் 16 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள ஒரு ஹாலை எடுத்துக்கொள்கிறேன். நம் ஊர் அடுக்குமாடி வீடுகளில் இது சாதாரணமான அளவு. உட்காரும் தூரம் 3 மீட்டர்.

அடுத்து, அறையின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டுங்கள். தட்டிய ஓசைக்குப் பின்னால் "ட்ர்ர்ங்" என்று ஒரு நடுக்கம் கேட்டால், அந்த அறையில் எவ்வளவு விலையுயர்ந்த ஸ்பீக்கரை வைத்தாலும் வசனம் தெளிவாக வராது. பளிங்குத் தரை, வெற்றுச் சுவர், கான்கிரீட் கூரை மூன்றும் ஒலியைப் பந்தாடுகின்றன. ஜன்னலுக்குக் கனமான திரையும், டிவிக்கும் சோபாவுக்கும் நடுவே தடிமனான விரிப்பும் போட்டுவிட்டு மறுபடி தட்டிப் பாருங்கள். ஒற்றை ஜமக்காளம் போதாது. மெல்லிய துணி மேல் சுருதிகளை மட்டுமே உறிஞ்சும்.

சோபாவின் இடத்தையும் இப்போதே முடிவு செய்யுங்கள். 16 அடி நீள அறையில் ஏறக்குறைய 35 ஹெர்ட்ஸ் என்ற மிகத் தாழ்ந்த சுருதியில் ஓர் ஒத்ததிர்வு உண்டாகும். அந்தச் சுருதி சுவரோரத்தில் பெருகும், அறையின் சரிநடுவில் மறைந்துபோகும். பின்சுவரோடு ஒட்டி உட்கார்ந்தால் பேஸ் கும்மென்று அடைக்கும், சரிநடுவில் உட்கார்ந்தால் காணாமல் போகும். பின்சுவரிலிருந்து நான்கைந்து அடி தள்ளிப் போடுவது நல்லது. இடமில்லையென்றால் ஒன்றரை அடியாவது தள்ளுங்கள்.

2. எத்தனை ஸ்பீக்கர் என்று முடிவெடுங்கள்

இந்த அளவு ஹாலுக்கு 5.1 போதும்: முன்னால் மூன்று, பக்கவாட்டில் இரண்டு, ஒரு சப்வூஃபர். பின்னால் மேலும் இரண்டு ஸ்பீக்கர் சேர்த்த 7.1 அமைப்புக்குச் சோபாவின் பின்னால் ஐந்தடியாவது இடம் வேண்டும். அது இல்லாத அறையில் பின் ஸ்பீக்கர்கள் பிடரியில் ஊதும்.

தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் டால்பி அட்மாஸ் வேண்டுமென்றால், மேலே இரண்டு ஸ்பீக்கர் சேர்த்து 5.1.2 என்று போகலாம். மேல்நோக்கி ஒலித்துக் கூரையில் பட்டுத் திரும்பும் வகை ஸ்பீக்கருக்கு நம் வீடுகளின் தட்டையான கான்கிரீட் கூரை பொருத்தமானது. ஆனால் ஒலி செல்லும் வழியில் மின்விசிறி இருந்தால் அது வேலைக்கு ஆகாது. கூரையிலேயே பொருத்தும் ஸ்பீக்கர் எப்போதும் மேல். கையில் பணம் குறைவு என்றால் முதலில் 5.1 வாங்கி, ஏழு ஸ்பீக்கரை ஓட்டக்கூடிய ஏழு சேனல் ரிசீவராகப் பார்த்துக்கொள்ளுங்கள். மேல் ஸ்பீக்கர்களைப் பிறகு சேர்க்கலாம்.

3. முன்வரிசை மூன்றையும் ஒரே தொடரில் வாங்குங்கள்

திரையில் ஒருவர் பேசிக்கொண்டே இடமிருந்து வலமாக நடக்கிறார். மூன்று ஸ்பீக்கர்களும் வேறு வேறு தொடரைச் சேர்ந்தவை என்றால் அவர் குரல் நடுவில் வரும்போது மட்டும் மாறிவிடும். அதனால்தான் ஒரே நிறுவனத்தின் ஒரே தொடரில் மூன்றையும் எடுக்கச் சொல்கிறேன். பக்கவாட்டு ஸ்பீக்கர்களில் சற்று மலிவாகப் போனாலும் பழுதில்லை.

மூன்றில் முக்கியமானது சென்டர் ஸ்பீக்கர். படத்தின் வசனம் பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது. கடைசியில் மிஞ்சிய பணத்தில் ஏதோ ஒரு சென்டர் வாங்கியவர்கள் எல்லோரும் "வசனம் கேட்கவில்லை, சண்டைக் காட்சியில் காது கிழிகிறது" என்று ஒரே புகாரைத்தான் சொல்வார்கள். படுக்கை வசத்தில் ட்வீட்டரின் (மேல் சுருதிகளுக்கான சிறிய கூம்பு) இருபுறமும் வூஃபர் (தாழ்ந்த சுருதிகளுக்கான பெரிய கூம்பு) வைத்த சென்டரில் இன்னொரு சிக்கல் உண்டு. ஓரத்தில் உட்கார்ந்தவருக்குக் குரலின் நடுச்சுருதிகள் குறைந்து கேட்கும். டிவிக்குக் கீழே உயரம் இருந்தால், இடம் வலமாக வைக்கும் அதே சிறிய பெட்டி வடிவ புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரில் மூன்றாவது ஒன்றை நிமிர்த்தி வைப்பதே சிறந்தது.

தரையில் நிற்கும் உயரமான டவரா, புக்‌ஷெல்ஃபா? சப்வூஃபர் வாங்கப்போகிறீர்கள் என்றால் இந்த அறைக்குப் புக்‌ஷெல்ஃப் போதும். டவரின் கூடுதல் விலை எந்த பேஸுக்காகக் கொடுக்கப்படுகிறதோ, அந்த வேலையைச் சப்வூஃபர் பார்த்துக்கொள்ளும்.

கடலோர ஊர்க்காரர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வூஃபர் கூம்பைச் சுற்றியுள்ள வளையம் ரப்பராக இருக்கட்டும். ஸ்பான்ஞ் போன்ற ஃபோம் வளையம் ஈரக்காற்றில் சில ஆண்டுகளில் பொடிந்து உதிர்கிறது.

கடையில் கேட்கும்போது உங்களுக்கு நன்கு தெரிந்த ஒரு படத்தின் பேச்சுக் காட்சியைக் கொண்டுபோங்கள். சப்வூஃபரை அணைக்கச் சொல்லுங்கள். இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது இரண்டின் சத்தமும் சமமாக இருக்கட்டும். சத்த அளவில் ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பது எதுவோ அதுதான் "நல்ல ஸ்பீக்கர்" என்று காது நம்பிவிடும்.

4. விவரத்தாளில் இரண்டு எண்களைப் பாருங்கள்

முதல் எண் சென்சிடிவிட்டி. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்று அது சொல்கிறது. 84 என்றால் குறைவு, 87 நடுத்தரம், 90க்கு மேல் தாராளம். 3 டெசிபல் கூடுதலான ஸ்பீக்கருக்கு அதே சத்தத்துக்குப் பாதி வாட்ஸ் போதும். ஆகவே 87க்கும் 90க்கும் உள்ள வித்தியாசம் 100 வாட்ஸ் ரிசீவருக்கும் 50 வாட்ஸ் ரிசீவருக்கும் உள்ள வித்தியாசத்துக்குச் சமம்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. சில தாள்களில் "1 வாட்" என்பதற்குப் பதில் "2.83 வோல்ட்" என்று இருக்கும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது சரியாக ஒரு வாட். 4 ஓம் ஸ்பீக்கருக்கு இரண்டு வாட். எனவே 4 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட்டுக்கு 90 என்று போட்டிருந்தால், உண்மையில் அதை 87 என்றுதான் கணக்கில் எடுக்க வேண்டும்.

இரண்டாவது எண் இம்பீடன்ஸ், அதாவது ஓமில் சொல்லும் மின்தடை. ஓம் குறையக் குறைய ரிசீவரிலிருந்து இழுக்கும் மின்னோட்டம் கூடும். தாளில் எழுதியிருப்பது பெயரளவு மட்டுமே. சுருதிக்குச் சுருதி அது ஏறி இறங்கும். "குறைந்தபட்சம்" என்று தனியாக ஓர் எண் கொடுத்திருந்தால் அதைத்தான் நம்ப வேண்டும். பெயரளவில் 8 அல்லது 6 ஓம், குறைந்தபட்சம் 4க்குக் கீழே போகாத ஸ்பீக்கர் என்றால் நடுத்தர ரிசீவர்களே சிரமமின்றி ஓட்டும். 4 ஓம் ஸ்பீக்கரை விரும்பி எடுத்தால், ரிசீவரின் கையேட்டில் 4 ஓமுக்கு அனுமதி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

"அதிகபட்சம் 150 வாட்ஸ்" என்று ஸ்பீக்கரில் எழுதியிருப்பது அதற்கு வேண்டிய அளவு இல்லை, தாங்கும் அளவு. பி.எம்.பி.ஓ. என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் அச்சடிக்கும் எண்ணுக்கு எந்தப் பொருளும் கிடையாது. அதைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைத்துவிடலாம்.

5. வாட்ஸ் கணக்கைப் போடுங்கள்

இப்போது தாளையும் பேனாவையும் எடுங்கள். ஸ்பீக்கர் 87 டெசிபல், தூரம் 3 மீட்டர். திறந்த வெளியில் 3 மீட்டரில் 9.5 டெசிபல் குறையும். மூடிய அறையில் சுவர்கள் கொஞ்சத்தைத் திருப்பித் தருவதால் 7 குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆக, ஒரு வாட் கொடுத்தால் சோபாவில் 80 டெசிபல்.

இதிலிருந்து ஏறுவது எளிது. வாட்ஸ் பத்து மடங்கானால் 10 டெசிபல் கூடும். 10 வாட்டில் 90, 100 வாட்டில் 100.

நமக்கு எவ்வளவு வேண்டும்? திரையரங்குக்கான அளவுகோலில் ஒரு சேனலின் சராசரி 85 டெசிபல், உச்சம் 105. இந்த ஸ்பீக்கரில் அந்த உச்சத்தைத் தொட 300 வாட்டுக்கு மேல் வேண்டும். ஆனால் வீட்டில் யாரும் அந்தச் சத்தத்தில் படம் பார்ப்பதில்லை. பெரும்பாலோர் அதைவிட 15 டெசிபல் குறைத்தே வைக்கிறார்கள். அப்போது சராசரி 70, உச்சம் 90. அதாவது சராசரிக்குப் பத்தில் ஒரு பங்கு வாட், உச்சத்துக்கு 10 வாட். இதைச் சொன்னால் பலர் நம்ப மறுக்கிறார்கள். கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

விசேஷ நாளில் கொஞ்சம் ஏற்றிக் கேட்கவும் இடம் விட்டு, நேர்மையான 60 முதல் 80 வாட்ஸ் இந்த அறைக்குத் தாராளம். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்களே, அது இங்கே அப்படியே பொருந்தும். 80 வாட்ஸிலிருந்து 100 வாட்ஸுக்குப் போனால் கூடுவது ஒரே ஒரு டெசிபல்தான். அந்தப் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள். உங்கள் ஸ்பீக்கர் 83 டெசிபல் என்றாலோ, 5 மீட்டர் தள்ளி உட்கார்ந்தாலோ கணக்கு மாறும். அப்போது இரண்டு, மூன்று மடங்கு வேண்டியிருக்கும்.

வாட்ஸ் குறைந்தால் ஸ்பீக்கருக்குப் பாதுகாப்பு என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது தவறு. சக்தி போதாத ஆம்ப்ளிஃபையரை முழுதாகத் திருகும்போது ஒலியலையின் உச்சி தட்டையாக வெட்டுப்படுகிறது. அந்த வெட்டில் பிறக்கும் மேல் சுருதிகள் ட்வீட்டரைச் சுட்டுவிடும். சத்தம் கரகரக்கத் தொடங்கியதும் குறைத்துவிடுவதுதான் உண்மையான பாதுகாப்பு.

6. இப்போது ரிசீவரைத் தேடுங்கள்

பெட்டியில் இருக்கும் பெரிய எண்ணைப் பார்க்காதீர்கள். "6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், ஒரு சேனல், 10 சதவீதச் சிதைவு" என்ற நிபந்தனையில் அளந்த 150 வாட்ஸும், "8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனல், 0.08 சதவீதச் சிதைவு" என்ற நிபந்தனையில் அளந்த 80 வாட்ஸும் ஒரே ரிசீவருடையதாகவே இருக்கலாம். இரண்டாவது வரியை மட்டும் ஒப்பிடுங்கள். எல்லாச் சேனலும் ஒரே நேரத்தில் ஒலித்தால் அதுவும் இறங்கும், ஆனால் படங்களில் அது அரிது.

மற்ற தேவைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டிவியிலும் ரிசீவரிலும் எச்.டி.எம்.ஐ. இ-ஆர்க் (டிவியின் ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் இணைப்பு) இருந்தால் ஒரே கேபிளில் டிவி செயலிகளின் ஒலியும், தரம் இழக்காத டால்பி ட்ரூஎச்.டி.யும் வந்துவிடும். அறைக்கு ஏற்ப ஒலியைத் திருத்தும் மென்பொருள் கட்டாயம் வேண்டும். ஆடிஸி, டிராக், யமஹாவின் ஒய்பாவ் ஆகியவை அந்த வகை. முன் சேனல்களுக்கு ப்ரீ-அவுட் (பெருக்காத சிக்னல் வெளிவரும் துளை) இருந்தால் நாளை தனி பவர் ஆம்ப்ளிஃபையர் சேர்க்க வழி திறந்திருக்கும்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் ரிசீவர் 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அன்றே அதன் கதை முடிந்துவிடும். கனமான ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், உத்தரவாதமும் இங்கே செல்லாமல் போகலாம். பழைய ஒரே பெட்டி ஹோம் தியேட்டரின் ஸ்பீக்கர்களைப் புது ரிசீவரில் மாட்டவும் ஆசைப்படாதீர்கள். அவற்றில் பல 3 ஓம். புது ரிசீவர் சூடேறித் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும்.

7. சப்வூஃபர்

சொந்த ஆம்ப்ளிஃபையர் உள்ளதாகவே வாங்குங்கள். ரிசீவரின் சப்வூஃபர் துளையிலிருந்து வருவது வெறும் சிக்னல், அது தனியே ஒரு ஸ்பீக்கரை ஓட்டாது. இந்த அறைக்கு 10 அல்லது 12 அங்குலம் போதும்.

இடம் கண்டுபிடிக்க ஒரு பழைய முறை இருக்கிறது. சப்வூஃபரைச் சோபாவில் நீங்கள் உட்காரும் இடத்திலேயே தூக்கி வைத்து, பேஸ் நிறைந்த ஒரு பாட்டை ஓடவிடுங்கள். முன்சுவர் ஓரமாகத் தவழ்ந்து போய்க் கேளுங்கள். ஒவ்வொரு சுருதியும் சமமாகவும் அழுத்தமாகவும் கேட்கும் இடத்தில் சப்வூஃபரை வையுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை. பத்து நிமிடத்தில் கிடைக்கும் இந்தப் பலன் பணம் கொடுத்தாலும் கிடைக்காது. கீழ்வீட்டில் ஆள் இருந்தால் அடியில் கனமான ரப்பர் விரிப்புப் போடுங்கள்.

8. வயர் இழுங்கள்

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 10 மீட்டர் வரை நன்றாக வேலை செய்யும். அதற்கு மேல் போனால் 2.5 எடுங்கள். ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் வயர்கள் தேவையே இல்லை. ஆனால் செம்பு முலாம் பூசிய அலுமினிய வயரை ஒதுக்குங்கள். அதன் மின்தடை செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஓர் இழையை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் பூச்சு வேலைக்கு முன்பே ஸ்பீக்கர் வயருக்குத் தனிக் குழாய் போட்டுவிடுங்கள். மின்சார வயர் போகும் குழாயில் சேர்க்கக் கூடாது.

இணைக்கும்போது ரிசீவரின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சிவப்புக்குச் சிவப்பு, கருப்புக்குக் கருப்பு. முனையை உரித்ததும் இழைகளை முறுக்கிவிடுங்கள். ஒருமுறை நண்பர் வீட்டில் புது ரிசீவர் போட்டவுடன் அணைந்து, சிவப்பு விளக்கு சிமிட்டியது. டார்ச் அடித்துப் பார்த்தால், தலைமுடி மாதிரி ஒரே ஓர் இழை சிவப்பு முனையிலிருந்து நீட்டிக் கருப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. வயர் முனையில் பொருத்தும் பனானா பிளக் போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

எந்த வயர் எதுவென்று குழம்பிவிட்டால், வயரை ரிசீவரிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியின் இரு முனைகளிலும் ஒரு நொடி மட்டும் தொடுங்கள். வூஃபர் கூம்பு வெளியே தள்ளினால், பேட்டரியின் பிளஸ் முனையைத் தொட்ட வயரே ஸ்பீக்கரின் சிவப்புக்குப் போகிறது.

9. ஸ்பீக்கர்களை நிறுத்துங்கள்

3 மீட்டரில் உட்கார்ந்தால் இடது, வலது ஸ்பீக்கர்களுக்கு இடையே 2.25 முதல் 3 மீட்டர் இருக்கட்டும். ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்க வேண்டும். சென்டர் கீழே இருந்தால் முன்பக்கத்தைச் சற்று உயர்த்திக் காதை நோக்கிச் சாய்த்துவிடுங்கள். பக்கவாட்டு ஸ்பீக்கர்கள் உங்கள் தோளுக்கு நேராகவோ சற்றுப் பின்னாலோ, காதுக்கு ஓர் அடி மேலே. அவற்றை முன்சுவரின் மூலையில் அழகுக்காக மாட்டியிருக்கும் வீடுகளை நிறையப் பார்த்துவிட்டேன். அப்படி மாட்டினால் அது சரவுண்டே அல்ல.

சென்டரை டிவி அலமாரியின் குழிக்குள் தள்ளாதீர்கள். முன்பக்கம் அலமாரி விளிம்போடு சமமாகவோ, சற்று வெளியே நீட்டியோ இருக்க வேண்டும். என் சித்தப்பா வீட்டில் வசனம் புரியவில்லை என்று இரண்டு வருடமாகப் புலம்பிக்கொண்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் சென்டர் ஓரடி ஆழத்தில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்தது. கதவைக் கழற்றி, ஸ்பீக்கரை முன்னால் இழுத்துவைத்தோம், அவ்வளவுதான். புதிதாக எதுவும் வாங்கவில்லை.

10. அளவீடும் அமைப்பும்

ரிசீவரோடு வந்த மைக்கைக் காது உயரத்தில் ஒரு ட்ரைபாடில் வையுங்கள். கையில் பிடிக்கவோ சோபாவின் முதுகில் சாய்க்கவோ கூடாது. மின்விசிறி, ஏசி எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் ஓயும் நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

முடிந்ததும் மெனுவுக்குள் போய்ச் சரிபாருங்கள். எல்லா ஸ்பீக்கர்களும் "ஸ்மால்" என்று இருக்கட்டும், பேஸ் சப்வூஃபருக்குப் பிரியும் எல்லையான கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ். கையளவு சிறிய ஸ்பீக்கர் என்றால் 100 அல்லது 120. "லார்ஜ்" என்பது கௌரவப் பட்டம் இல்லை. ஸ்மால் என்று வைத்தால் கனமான பேஸ் சப்வூஃபருக்குப் போய், ரிசீவரின் சுமை இறங்குகிறது. ஐந்தாவது படியில் போட்ட கணக்கு பலிப்பதும் அதனால்தான்.

சப்வூஃபரின் தூரம் டேப்பில் அளந்ததைவிட அதிகமாகக் காட்டினால் மாற்றாதீர்கள். அதன் உள்சுற்றின் தாமதத்தையும் சேர்த்தே ரிசீவர் கணக்கிடுகிறது. அதன் சத்த அளவு மைனஸ் 12 என்று எல்லையில் போய் நின்றால் மட்டும், பின்னால் உள்ள குமிழைக் குறைத்து மறுபடி அளங்கள்.

11. மின்சாரமும் வெப்பமும்

ரிசீவரின் தலைக்கு மேல் அரை அடி காலியாக இருக்க வேண்டும். அதன் மேல் செட்-டாப் பாக்ஸோ, பூப்போட்ட துணியோ வேண்டாம். சதுர அலை இன்வெர்ட்டரில் ஓட்டாதீர்கள், சைன் அலை மட்டுமே. ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல் விடாமல் வந்தால் முதலில் கேபிள் டிவியின் வயரைக் கழற்றிப் பாருங்கள். பல வீடுகளில் அத்தோடு நின்றுவிடும். நிற்கவில்லையென்றால் எர்த்தை எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

ஒரு வாரம் அப்படியே கேளுங்கள். வசனம் இன்னும் சற்று முன்னால் வர வேண்டுமென்று தோன்றினால் சென்டரை 2 டெசிபல் கூட்டலாம். பிறகு மெனுவில் உள்ள எல்லா எண்களையும் ஒரு தாளில் எழுதி அலமாரியின் உட்புறம் ஒட்டிவையுங்கள். யாராவது ரிசீவரை ரீசெட் செய்துவிட்டால் மறுபடி குக்கர் விசில் ஓயக் காத்திருக்க வேண்டியதில்லை.